ஐக்கியத்தில் எடுத்த பயிற்சி

1

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி அம்மா. ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு அதை மேசையில் தேடுகிறவர். அவருக்குப் பக்கத்தில் தட்டச்சுச் செய்கிற பெண். தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்தபடி இருந்தார். இந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளர் அம்மா. மட்டக்களப்புக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. அடுத்தது என் மகள் மதுரா, வயது பதினாறு. கதவுக்குக் கிட்ட நான். மனைவி ராணிக்கு முதியோர் இல்லத்து வேலையில் லீவு கிடைக்கவில்லை, ஆகவே வரவில்லை.

இவ்வளவு சரியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், சுவிஸுக்கு வந்து இறங்கிய கிழமை நடந்த முதல் விசாரணையில் யார் யார் இருந்தார்கள் என்று பிறகு ஒரு வழக்கறிஞர் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஆட்களை எண்ணிக்கொள்கிறேன். முடி வெட்டப் போனாலும் எண்ணுகிறேன்.

நாங்கள் அந்த வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போனது அட்டைக்காக. எங்கள் மூன்று பேரிடமும் இருப்பது வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற அட்டை. அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், வாடகை கட்டலாம், எல்லை தாண்ட முடியாது. மதுராவுக்கு ஒரு பல் வைத்தியரிடம் மூன்று வருடம் தொழில் பழக இடம் கிடைத்திருந்தது. ஆவணியில் தொடக்கம். ஆனால் அந்த வைத்தியர் நல்ல மாதிரியாகவே சொல்லிவிட்டார்: ஒரு வருட அட்டைக்கு மூன்று வருட ஒப்பந்தம் எழுத முடியாது, நிரந்தர அனுமதி வேண்டும் என்று. குடும்பத்தின் விண்ணப்பம் என் பேரில் போயிருந்தது. என்னுடைய கோப்பில்தான் அது தட்டிக்கொண்டு நின்றது.

அதிகாரி அம்மா கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். மொழிபெயர்ப்பாளர் அம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீங்க கொழும்பில ‘ஐக்கியம்’ எண்டுற அமைப்பில ரெண்டரை வருசம் பயிற்சி எடுத்ததாப் பதிஞ்சிரிக்கு. கை முறிக்கிறதும் அதில அடக்கம் எண்டு எழுதியிரிக்கு. இப்பிடி ஒரு அமைப்பு எந்தப் பட்டியலிலயும் இல்லையாம். அது என்ன எண்டு கேக்கிறா.”

“அமைப்பில்லை அம்மா. ஐக்கிடோ.”

“என்ன டோ?”

“ஐக்கிடோ. ஜப்பான்காரற்ற. கராத்தே மாதிரி. ஆனா அடிக்கிறேல்ல.”

அந்த அம்மா என்னையே பார்த்தார். சொந்தமாக ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. வாயைக் கையால் ஒருதரம் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்து மொழிபெயர்த்தார்.

அடிக்காமல் கையை எப்படி முறிப்பது என்று கேள்வி வந்தது.

“முறிக்கிறேல்ல. திருப்பிறது. திருப்பினா ஆள் விழும். நான் விழுறதிலதான் கெட்டிக்காரன்.”

“விழுந்து காட்ட முடியுமா?” என்றார் அதிகாரி அம்மா. பகிடிக்குக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் கேட்டதைச் செய்யாமல் விட்டால் அதையும் எழுதிவிடுவார்கள் என்ற பயம்தான் எனக்கு.

கோட்டைக் கழற்றினேன். வீட்டுத் திறப்புக்கோர்வையை எடுத்து மேசையில் வைத்தேன். கதிரை இரண்டைத் தள்ளினேன். வலது கையின் ஓரம் கம்பளத்தில் பட, முழங்கை, தோள், முதுகின் குறுக்கே மற்றப் பக்கத்து இடுப்பு என்று ஒரு சில்லுப் போல உருண்டு, இடது கையால் தரையில் அறைந்து எழுந்து நின்றேன். நாற்பத்தாறு வயதில். தட்டச்சுப் பெண் எழும்பி நின்றுவிட்டார். மதுரா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி அம்மா தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். “நன்றாக விழுந்தீர்கள். ஆனால் விழுந்ததை நான் கோப்பில் வைக்க முடியாது. எழுத்தில் ஏதாவது கொண்டு வாருங்கள். ஆறு கிழமை தருகிறேன்.”

2

ஐக்கிடோ என்னிடம் வந்தது ஒரு ஏணி வழியாக.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருந்த பலசரக்குக் கடையில் நான் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குக் கொழும்பில் வேறு என்ன கிடைக்கும்? நாலாம் படியில் நின்று பால்மா டின் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏணி சறுக்கியது. விழுந்தேன். டின் கையிலேயே இருந்தது, நெளியவுமில்லை. வெங்காய மூட்டை இறக்க வந்த லொறிச் சாரதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் நிஸாம் நானா. கொட்டாஞ்சேனையில் வீடு. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். என்னைவிட இரண்டு வயது மூப்பு, அவ்வளவுதான்.

“எங்க படிச்சீங்க இத?” என்றார்.

“எதை?”

“விழுறத. எங்கட கிளாஸ்ல ஆறு மாசமாகியும் ஒருத்தனுக்கும் வராத விழுகை இது. விழுறதுக்கெண்டே பொறந்த ஆள் நீங்க.”

அந்த நாட்களில் எனக்கு நித்திரை இல்லை. கேஸ் அடுப்பை மூடினேனா, பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப்பையில் இருக்கிறதா, பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று எழும்பி எழும்பிப் பார்ப்பேன். டிஸ்பென்சரி டொக்டர் உடம்புக்கு ஏதாவது வேலை கொடு என்று சொல்லியிருந்தார். ஞாயிறு காலையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

வகுப்பு நடந்தது நிஸாம் நானாவின் முதலாளியுடைய வெங்காயக் கிட்டங்கியில். தும்பு மெத்தைகளை நெருக்கிப் போட்டு, மேலே லொறிப் படங்கை இழுத்துத் தைத்திருந்தார்கள். ஒன்பது பேர் வருவோம். தமிழர், முஸ்லிம்கள், இரண்டு சிங்களப் பெடியள். பாலம் கட்ட வந்த ஒரு ஜப்பான் என்ஜினியருக்கு எட்டு வருடம் கார் ஓடியவர் நிஸாம் நானா. அந்த என்ஜினியர் பின்னேரங்களில் சொல்லிக்கொடுத்ததுதான் இது. அவர் ஊருக்குப் போகும்போது தன் கறுப்பு இடுப்புப் பட்டியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் சண்டை பழகத்தான் போகிறோம் என்று நினைத்துப் போனேன். அங்கே சண்டையே இல்லை. போட்டி கிடையாது, வென்றவர் தோற்றவர் கிடையாது. இரண்டு இரண்டு பேராக நின்று ஒருவருக்கொருவர் தலை குனிந்து, ஒருவர் நாலு தரம் பிடிக்க வேண்டும், மற்றவர் நாலு தரம் விழுத்த வேண்டும். பிறகு மாறி நிற்க வேண்டும். பிடிக்க வருகிறவருக்கும் காயம் படக் கூடாது என்பது விதி.

முதல் பாடம் மணிக்கட்டு. யாராவது எங்கள் மணிக்கட்டைப் பிடித்தால் கை தானாக இழுக்கும். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். நிஸாம் நானா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இன்னும் அப்படியே சொல்லுவேன்.

“கைய அவர்ட்டயே உட்டுடுங்க. அது இப்ப அவர்ட சாமான். மிச்ச உடம்பு உங்களுக்குத்தானே ஈக்குது? அதோட போங்க. போய் அவருக்குப் பக்கத்துல நிண்டு, அவர் பாக்குற பக்கத்தப் பாருங்க.”

செய்து பார்த்தால் புரியும். முன்னால் முட்டிக்கொண்டு நின்றவர்கள் ஒரே பக்கம் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேர் மாதிரி. பிடித்தவருக்குப் பிடித்து வைத்திருக்க ஒன்றும் இருக்காது.

அடுத்தது இரிமி. உள்ளே போவது. அடி வரும்போது பின்னால் போகாமல், அடிக்கும் ஆளின் தோளோரமாக ஒரு அடி முன்னால் வைத்துவிடுவது. அடி எங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இது எனக்கு வரவேயில்லை. காரணம் ஒன்று என் பயம். இன்னொன்று தமிழ். நிஸாம் நானா “இரிமி!” என்று கத்துவார். எனக்கும் பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ஒரு கிளாக்கருக்கும் அது “இருமி” என்று கேட்டது. ஏதோ மூச்சுப் பயிற்சியாக்கும் என்று நினைத்து, மூன்று ஞாயிறு, ஒவ்வொரு தரமும் ஒழுங்காக இருமிவிட்டுத்தான் காலை வைத்தோம். நாலாம் ஞாயிறு நானா நிறுத்திவிட்டார்.

“ரெண்டு பேருக்கும் என்ன, வெங்காயத் தூசு ஒத்துக்கொள்ளுதில்லையா?”

“இருமச் சொன்னனீங்கள்தானே நானா?”

அன்று வகுப்பு அதோடு சரி. அவர் படங்கில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

பெயரின் அர்த்தத்தையும் அவர்தான் சொன்னார். “ஐ எண்டா சேர்றது. கி எண்டா மூச்சு மாதிரி, உசுரு மாதிரி. டோ எண்டா பாதை. உங்கட தமிழ்ல ஐக்கியம் எண்டு ஈக்குதே, அதுதான் இது எண்டு வெச்சிக்கோங்க.” அதிலிருந்து வீட்டில் ராணிக்கு “ஐக்கியத்துக்குப் போட்டு வாறன்” என்றுதான் சொல்லுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்கமாட்டார்.

“வாய் தவறியும் பயிற்சி எண்டு சொல்லாதீங்க. ட்ரெயினிங் எண்டும் சொல்லாதீங்க. வீட்டுலயும் வாணாம், பஸ்ஸுலயும் வாணாம். கிளாஸ். அவ்வளவுதான்.”

ஏன் என்று அந்தக் காலத்தில் இருந்த ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு தமிழ்ப் பெடியன் பயிற்சி எடுத்தவன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இயக்கத்தில் ஆயுதம் பழகினவன். சோதனைச் சாவடியில் “கொஹேத யன்னே?”, எங்கே போகிறாய் என்று கேட்டால் “பந்தியட்ட” என்று சிங்களத்தில் சொல்லுவேன். பந்தி என்றால் அவர்களுக்கு வகுப்பு. எங்களுக்குச் சாப்பாட்டுக்கு உட்காருவது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும். இரண்டரை வருடம் நாக்கைக் கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

3

ஒரு நாள் அதிகாலை நாங்கள் குடியிருந்த லொட்ஜைப் பொலிஸ் சுற்றி வளைத்து ஆம்பிளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் பின்னேரம் என்னை விட்டார்கள். என்னோடு வந்தவர்களில் இரண்டு பேரை விடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மதுரா, அப்போது நாலு வயது, என் காலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ராணி ஒரே ஒரு சொல் சொன்னாள்: “காணும்.” கொழும்பில் இருந்தது போதும் என்று.

அதன்பின் கிடைத்ததெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குப் போனது. வகுப்புக்கு மாதச் சந்தா எழுபத்தைந்து ரூபா. அதைக் கொடுக்கவில்லை. சந்தாவுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு நீலக் காட் இருந்தது, மாதத்துக்கு ஒரு கட்டம், காசு கொடுத்தால் நானா கையெழுத்துப் போட்டுக் காட்டைத் தருவார். கொடுக்காவிட்டால் காட் அவருடைய பிஸ்கட் டின்னிலேயே கிடக்கும். என் காட் மூன்று மாதமாக அந்த டின்னில் கிடந்தது.

கடைசி ஞாயிறு எல்லோரோடும் போல அவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னேன். போகிறேன் என்று சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். அதைவிட, சொன்னால் பாக்கியைக் கேட்பாரோ என்ற வெட்கமும் இருந்தது. அடுத்த புதன் நாங்கள் விமானம் ஏறிவிட்டோம்.

இங்கே வந்த கிழமை அந்த முதல் விசாரணை. மொழிபெயர்க்க இந்தியத் தமிழர் ஒருவர். மிகவும் பண்பான மனிதர், எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் நித்திரை கொள்ளாமல் மூன்று நாள். உண்மையை மறைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அகதி முகாமில் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று முடிவெடுத்துப் போயிருந்தேன்.

“ஏதாவது பயிற்சி எடுத்திருக்கீங்களா?” என்றார்.

பயமில்லாத நாடு என்று நாக்கு அவிழ்ந்துவிட்டது.

“ஓம். எடுத்தனான்.”

“எங்க எடுத்தீங்க?”

“கொழும்பிலதான். கொட்டாஞ்சேனையில. ரெண்டரை வருஷம்.”

“கொழும்புலயா? என்ன மாதிரி பயிற்சி?”

“கை திருப்பி முறிக்கிறமாதிரி. பிறகு விழுறது, உருளுறது. ஐக்கிடோ.”

“ஐக்கி...?”

“தமிழில ஐக்கியம் எண்டு சொல்லுவம்.”

“யார் பயிற்சி கொடுத்தாங்க?”

அதையும் சொன்னேன். நிஸாம் நானாவின் முழுப் பெயர், கிட்டங்கி இருந்த தெரு, எல்லாம். கேட்டதற்கு மேலேயே சொன்னேன்.

அன்று இரவு முகாம் கட்டிலில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. எழும்பி உட்கார்ந்தேன். ராணியை எழுப்பினேன். “நான் பயிற்சி எண்டு சொல்லிப்போட்டன்” என்றேன். “பேரையும் குடுத்திட்டன்.”

4

ஊரில் இருக்கிற நீங்கள் இங்கத்தைய வாழ்க்கை எப்படி என்று கேட்டால் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. காலை ஐந்து மணி ட்ராம். ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில் பாத்திரம் கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டினேன், இப்போது இரண்டு சோஸ் என் பொறுப்பு. உடுப்புத் தோய்க்கிற நிலவறைக்கு எங்கள் முறை பதினாலு நாளைக்கு ஒருதரம். அதைத் தவறவிட்டால் மேல்மாடி வயோதிபர் கதவில் கடிதம் ஒட்டுவார். வருடத்துக்கு ஒருமுறை அட்டை புதுப்பிப்பு. ஒவ்வொரு முறையும் கடிதத்தில் ஒரே வசனம்: சில விடயங்கள் இன்னும் தெளிவுபடுத்தப்பட வேண்டியுள்ளன. மதுரா வாசித்துச் சொல்ல வருவதற்கு முன்பே அந்த வசனத்தின் வடிவம் எனக்குத் தெரியும்.

ஐக்கிடோவில் எனக்கு இங்கே மிஞ்சியது விழுகை ஒன்றுதான். ஒரு மார்கழியில் ட்ராம் தரிப்பிடத்தில் பனிக்கட்டியில் சறுக்கி, இரண்டு பையோடு ஒரு முழு உருளல் உருண்டு எழுந்து நின்றேன். முட்டைகூட உடையவில்லை. நின்ற ஆட்கள் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. நானாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதுதான் காரணம்.

சொல்ல முடியாது. அவருடைய மச்சானின் தையல் கடை நம்பர் என் பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடம் அதைப் பார்த்துப் பார்த்து மூடினேன். நான் கொடுத்த பெயர் ஒரு கடதாசியில் ஏறி, எங்கேயாவது போய், யாராவது அவருடைய வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால்? கொழும்பில் சுற்றிவளைப்பு என்று செய்தி வருகிற நாளெல்லாம் கொட்டாஞ்சேனை என்ற சொல் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். எடுத்துக் கேட்டால் ஏதாவது தெரிந்துவிடும் என்பதால் எடுக்கவில்லை.

மதுராவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கனவு காண்கிறவள். தமிழ் கதைக்கும்போது சில நேரம் என்னை “நீ” என்று விடுவாள். இங்கத்தைய மொழியில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். முதல் தடவை கேட்டபோது திருத்தினேன். பிறகு திருத்தக் களைத்துவிட்டது.

5

விழுந்து காட்டிய அன்று அவள் வெட்கப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது கேட்டாள்.

“அப்பா, அதை எப்பிடிச் செய்தனீங்கள்?”

“எதை?”

“அந்த உருளுறது. நீங்க கறி வெட்டுற ஆள் எண்டுதானே நான் நினைச்சனான்.”

ஒடுங்கிய வராந்தா. சப்பாத்துத் தட்டைத் தள்ளிவிட்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் இழுத்தாள். பிடி இறுகியது. “கையை எனக்கே விட்டிடு” என்றேன். “அது இப்ப என்ர சாமான்.” அவள் கை தளர்ந்தது. ஒரு காலை வைத்துத் திரும்பினாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், குளிர்கோட்டுகள் தொங்குகிற சுவரைப் பார்த்தபடி நின்றோம்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“சரி, அந்த அங்கிளிட்ட ஏதும் கடிதம் கேக்கலாமே. உயிரோட இருக்கிறாரோ?”

அப்போதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சி என்ற சொல்லை, பெயர் கொடுத்ததை, கொப்பியை. நான் சொல்லி முடிக்கும்வரை, இந்தத் தரம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் என்னையறியாமல் அதை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நீ இழுக்கிறாய் அப்பா” என்றாள். “கோல் எடு.”

திருத்தவில்லை.

கொழும்பு நம்பர்களுக்கு இப்போது முன்னுக்கு ஒரு இலக்கம் கூட்டியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துத் தையல் கடைக்கு எடுத்து, அங்கே ஒரு புது நம்பர் வாங்கி, மூன்றாம் நாள்தான் குரல் கிடைத்தது. மணி அடிக்கும்போது நான் இருமினேன். உண்மையான இருமல்.

“ஹலோ, யாரு?”

“நிஸாம் நானா, நான் சிவம். வெள்ளவத்தைக் கடை.”

“எந்தச் சிவம்? ஏணியால விழுந்த சிவமா?”

“ஓம் நானா.”

“மூணு மாசக் காசு தராம போன சிவம்?”

“ஓம் நானா.”

“அல்லாஹ்! நீங்க மவுத்தாயிட்டீங்க எண்டெல்லோ நாங்க நெனச்சம். நீங்க வராம நிண்ட கிழமை வெள்ளவத்தையில இன்னொரு ரவுண்டப்பு, அதுல ஏத்தினவங்க வெளிய வரல்ல எண்டு சொன்னாங்க. உங்களுக்காக நான் ஒரு ஞாயித்துக்கிழமை கிளாஸ் வெக்காம மூடினேன். எங்க ஈக்கிறீங்க?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடம் நான் அவருக்கு என்ன ஆனதோ என்று பயந்தேன். அந்தப் பக்கத்தில் அவர் என்னைப் புதைத்தே விட்டிருக்கிறார்.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். பெயர் கொடுத்ததையும் சொல்லிவிட்டுக் கேட்டேன். “உங்களை யாரும் வந்து பிடிச்சவையோ நானா?”

“ஒருக்கா கொண்டு போனாங்க. ரெண்டு நாள்.”

“என்னாலயோ நானா?”

“அது உங்களால இல்ல. அடுத்த வீட்டுக் கிழவன் பொலிஸுக்குப் பெட்டிசம் அடிச்சான். ஞாயித்துக்கிழமை டம்மு டம்முண்டு சத்தம், என்னமோ நடக்குது எண்டு. வந்தவங்கள்ல ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் விழுந்து காட்டினேன். விட்டுட்டாங்க. கிட்டங்கியத்தான் மூடச் சொன்னாங்க. இப்ப கிராண்ட்பாஸ்ல ஒரு மொட்டை மாடி. அஞ்சு பேரு.”

அப்படித்தான் சொன்னார். அது முழு உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். பெட்டிசம் எந்த வருடம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

“நானா, என்ர காட் கிடக்கோ?”

“பிஸ்கட் டின்ல கெடக்கும். நான் ஒண்ணும் வீசல்ல.”

“அதை அனுப்பேலுமோ? இன்னொண்டு. அந்த மூண்டு கட்டத்திலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பேலுமோ? காசு நான் இண்டைக்கே அனுப்பிறன்.”

அதைக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. இந்த விண்ணப்பத்துக்குக் கடன் இல்லை என்ற பத்திரம் வேண்டும். அலுவலகத்தில் ஒன்று எடுத்து இணைத்திருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்று என் கையாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தேன். இப்போது கடன் எழுதிய காட்டை நானே கொண்டுபோய் நீட்டினால் பொய் சொன்னவன் ஆவேன். மூன்று நாளாக அந்தக் கணக்குத்தான் தலையில்.

“வராத காசுக்கு நான் கையெழுத்து வெக்க மாட்டேன்” என்றார் நானா. “உங்கட பேர்ல வாணாம், எங்கட வாப்பா பேர்லயும் வெக்க மாட்டேன். கெடக்கிற மாதிரியே அனுப்புறேன்.”

“அனுப்பிற காசை வாங்குங்கோவன்.”

“சந்தாக் காசு கையிலதான் வாங்குற. வந்து தாங்க. வந்து ஒருக்கா விழுந்துட்டுத் தாங்க.”

6

ஐந்தாம் கிழமை காட் வந்தது. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது, நீலம் வெளிறியிருந்தது. மேலே சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் ஐக்கிடோ வகுப்பு என்று றப்பர் முத்திரை. என் பெயர், லொட்ஜ் விலாசம், முப்பது மாதத்துக்கு முப்பது கட்டம். இருபத்தேழில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. கடைசி மூன்றில் சிவப்புப் பேனையால் “பாக்கி”, “பாக்கி”, “பாக்கி”. மணந்து பார்த்தேன். பிஸ்கட் டின் மணம்தான் வந்தது. வெங்காயம் வரவில்லை.

இரண்டாம் முறை போனபோதும் அதே ஐந்து பேர்தான். தட்டச்சுப் பெண்ணுக்குத் தடிமன் மாறியிருந்தது. நான் காட்டை நீட்டாமல் முதலில் கடனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கடன் இல்லை என்று எழுதியது பிழை, மறந்து எழுதியதும் இல்லை, மறைக்க எழுதியதும் இல்லை, வெட்கத்தில் விட்டது, காசை அனுப்பக் கேட்டேன் அவர் வாங்கவில்லை என்று நான் அடுக்க அடுக்க, மொழிபெயர்ப்பாளர் அம்மா கையைக் காட்டினார்.

“மெல்ல, மெல்ல. நான் பின்னால வாறன்.”

அதிகாரி அம்மா காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஸ் வரியை வாசித்தார். சிவப்புச் சொல்லில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அம்மா சொன்னார். “மூன்றிலுமா?” “மூன்றிலும்.”

அதிகாரி அம்மா கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினார். அவர் சொன்னதை இந்த முறை மொழிபெயர்ப்பாளருக்கு முந்திக்கொண்டு மதுராதான் என் காதில் சொன்னாள்.

“பொய்க்குச் செய்த காட் எண்டா, நீங்க காசு கட்டினமாதிரித்தானே செய்திருப்பீங்களாம்.”

கோப்பில் ஏறிய ஒரு சொல்லை அழிக்க முடியாதாம். ‘ஐக்கியம்’ அங்கேயே இருக்கும், ‘பயிற்சி’யும் இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு புதுத் தாள் வைத்தார்கள். காட்டின் பிரதி ஒன்றையும் வைத்தார்கள். காட்டைத் திருப்பித் தரும்போது அதிகாரி அம்மா என்னிடம் நேராகவே ஏதோ கேட்டார். எனக்கு விளங்கியது: மகளும் விழுவாளா? “இன்னும் இல்லை” என்று அவருடைய மொழியிலேயே சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த அறைகளில் மொழிபெயர்ப்பு இல்லாமல் நான் சொன்ன முதல் வசனம் அது.

ஆனி கடைசியில் அட்டைகள் வந்தன, மூன்றும். மதுரா ஆவணி முதலாம் திகதி பல் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தாள். நான் இரவில் எழும்பி அட்டைகள் மேசை லாச்சியில் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன், அது மாறவில்லை. அவற்றுக்கு மேல் நீலக் காட்டை வைத்திருக்கிறேன். இந்த அட்டையோடு எல்லை தாண்டலாம் என்கிறார்கள். கொழும்புக்குப் போகலாமா என்று கேட்டால், நாட்டில் பிரச்சினை முடியட்டும் என்கிறார்கள். பிரச்சினை முடிகிற மாதிரித் தெரியவில்லை. மொட்டை மாடியில் இப்போது நாலு பேர்தானாம். நேற்று நானாவுக்கு மறுபடியும் கோல் எடுத்து, காசை அனுப்பட்டுமா என்று கேட்டேன். அதே பதில்தான். வட்டி ஏதும் உண்டா என்றேன். வட்டி ஹராம் என்றார்.

ஆகவே கணக்கு அப்படியே நிற்கிறது. மூன்று மாதம், மாதம் எழுபத்தைந்து. இருநூற்று இருபத்தைந்து ரூபா.